ஒரே ஓர் ஆக்சிஜன்!

குழந்தைகளே! இன்று மதியம் சாப்பிட உட்காரும்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். குழம்பு ஊற்றும் முன்பு, ஒரு வாய் வெறும் சோற்றைப் போட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... அவசரப்படக் கூடாது. மெல்ல மெல்ல, சோறு லேசாக இனிக்க ஆரம்பிக்கும். யாரும் சர்க்கரை போடவில்லை. பிறகு எப்படி இனித்தது?

உங்கள் எச்சிலில் ‘அமைலேஸ்’ என்றொரு பொருள் இருக்கிறது. சோற்றில் உள்ள மாவுச்சத்து என்பது, சர்க்கரைத் துண்டுகளை நீளமாகக் கோத்த சங்கிலி. அமைலேஸ் அந்தச் சங்கிலியை வெட்டி வெட்டிப் போடுகிறது. அந்தத் துண்டுகள்தான் நாக்கில் இனிக்கின்றன.

அமைலேஸ் போன்ற பொருள்களுக்கு ‘நொதிகள்’ என்று பெயர். ஆங்கிலத்தில் என்சைம் என்பார்கள். நம் உடம்பில் ஆயிரக்கணக்கான வகை நொதிகள் இருக்கின்றன. வெட்டுவதற்கு ஒன்று, ஒட்டுவதற்கு ஒன்று, இங்கே இருப்பதை எடுத்து அங்கே வைப்பதற்கு ஒன்று என்று ஆளுக்கு ஒரு வேலை. சாப்பிட்ட உணவு சதையாகவும் ரத்தமாகவும் சக்தியாகவும் மாறுகிறதே, அதற்கு ‘வளர்சிதை மாற்றம்’ என்று உங்கள் பாடப் புத்தகத்தில் பெயர் போட்டிருக்கும். அந்த மாற்றத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி நின்று வேலை பார்க்கிறது.

அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அது நம் கல்லீரலில் இருக்கிறது. அதன் வேலை என்ன தெரியுமா? ஒரு பொருளின் மேல் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுவை வைப்பது. ‘பூ! இவ்வளவுதானா?’ என்கிறீர்களா? அந்த ஓர் அணுவை வைக்க ஆள் இல்லாமல் போனதால், நார்வே நாட்டில் இரண்டு குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் கேளுங்கள்.

ஒரு தாயின் கேள்வி

போர்க்னி ஏகெலாந்து என்ற அம்மாவுக்கு லிவ் என்று ஒரு மகள், டாக் என்று ஒரு மகன். பிறந்தபோது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். மாதங்கள் போகப் போக, வளர்ச்சி பின்தங்கிவிட்டது. லிவ் ஒரு சில சொற்கள் மட்டுமே பேசினாள். டாக்கால் நடக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. அம்மா இன்னொன்றையும் கவனித்திருந்தார். இரண்டு குழந்தைகளின் மேலும் ஒரு விதமான பூசண வாடை அடித்துக்கொண்டே இருந்தது. ‘ஏன் இப்படி?’ என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

1934ம் ஆண்டு, ஆஸ்லோ நகரத்தில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்தார். இந்த ஃபோலிங், மருத்துவம் படிப்பதற்கு முன்பே வேதியியல் படித்தவர். அதனால் அவர் குழந்தைகளைப் பரிசோதித்ததோடு நிற்காமல், அவர்களின் சிறுநீரையும் வாங்கிச் சோதித்தார். அதில் சில சொட்டு பெர்ரிக் குளோரைடு கரைசலை விட்டார். அந்தக் காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்த சோதனைதான் அது. சாதாரணச் சிறுநீர் என்றால் பழுப்பு நிறம் அப்படியே இருக்கும். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குச் செந்நிறமாக மாறலாம். ஆனால் லிவ்வின் சிறுநீர் கரும்பச்சையாக மாறியது! டாக்கின் சிறுநீரும் அப்படியே.

ஃபோலிங் இதற்கு முன்பு அப்படியொரு நிறத்தைப் பார்த்ததே இல்லை. கொடுத்த மருந்து ஏதாவது இப்படிச் செய்கிறதோ என்று சந்தேகப்பட்டு, எல்லா மருந்தையும் நிறுத்தச் சொன்னார். அப்போதும் பச்சைதான். அந்த அம்மா சலிக்காமல் மறுபடி மறுபடி, லிட்டர் கணக்கில் சிறுநீரைக் கொண்டுவந்து கொடுத்தார். பல வாரங்கள் பாடுபட்டு, பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளை ஃபோலிங் பிரித்தெடுத்தார். அது ‘பினைல் பைருவிக் அமிலம்’. அதன் பிறகு, மனவளர்ச்சி குன்றியோருக்கான காப்பகங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார். 8 பேருக்குப் பச்சை நிறம் வந்தது. ஆக, இது ஒரு வீட்டுப் பிரச்னை மட்டும் இல்லை, தனியான ஒரு நோய் என்பது தெளிவாயிற்று.

புத்தகங்களில் ஃபோலிங்கின் பெயரைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். விடாமல் கேள்வி கேட்ட போர்க்னி அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பாவம், அவருடைய பிள்ளைகளுக்கு இந்தக் கண்டுபிடிப்பு உதவவில்லை. டாக் 6 வயதிலேயே இறந்துபோனான்.

சரி, அந்த அமிலம் எங்கிருந்து வந்தது? வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும்? வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து வழியில் போகும் அல்லவா? அது மாதிரிதான். உடம்புக்குள் ஒரு பொருள் போக வேண்டிய நேர்வழி அடைபட்டதால், குறுக்கு வழியில் போய் இந்த அமிலமாக மாறி வெளியே வந்திருக்கிறது. அடைபட்ட இடம் எது? கல்லீரலில் உள்ள ஒரு நொதி வேலை செய்யாததுதான் காரணம் என்பதை அமெரிக்காவில் ஜார்ஜ் ஜெர்விஸ் என்பவர் 1953ம் ஆண்டு காட்டினார்.

23 அணுவும் 24 அணுவும்

இப்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தேன்கூட்டின் அறை போல ஆறு மூலை உள்ள ஒரு வளையம் வரையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கார்பன் அணு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மூலையிலிருந்து கீழே ஒரு வால் வரையுங்கள். வளையமும் வாலும் சேர்ந்த இந்தப் பொருளுக்குப் ‘பினைல் அலனின்’ என்று பெயர். இது ஓர் அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி, வேர்க்கடலை ஆகியவற்றில் உள்ள புரதம் எல்லாம் இப்படிப்பட்ட 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலைதான். 100 கிராம் புரதத்தில் சுமார் 5 கிராம் பினைல் அலனின் இருக்கும். இதை நம் உடம்பால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பினைல் அலனினில் மொத்தம் எத்தனை அணுக்கள்? கார்பன் 9, ஹைட்ரஜன் 11, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2. கூட்டிப் பாருங்கள், 23.

இப்போது, வால் இருக்கும் மூலைக்கு நேர் எதிர் மூலையில் ஓர் ஆக்சிஜனை வரையுங்கள். 24 ஆகிவிட்டதா? இது இப்போது பினைல் அலனின் இல்லை. பெயரே மாறிவிட்டது, ‘டைரோசின்’! பெயர் மட்டுமா மாறியது? நம் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் தரும் மெலனினை உடம்பு டைரோசினிலிருந்துதான் செய்கிறது. தெருவில் நாய் துரத்தும்போது நெஞ்சைப் படபடக்க வைத்து ஓட வைக்கிறதே அட்ரினலின், அதுவும் டைரோசினிலிருந்துதான். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் செய்வதும் இதை வைத்துத்தான். மூளைக்குள் செய்தி கொண்டு போகும் டோபமைனும் அப்படியே. எல்லாம் அந்த ஓர் ஆக்சிஜன் செய்த வேலை!

காற்றில்தான் வேண்டிய மட்டும் ஆக்சிஜன் இருக்கிறதே, தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். ஒட்டாது. பினைல் அலனினைத் தண்ணீரில் கரைத்து, மூடாமல் நாள் கணக்கில் வைத்திருந்தாலும் அது டைரோசின் ஆகிவிடாது. காற்றில் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கையை இறுக்கிக் கோத்துக்கொண்டு திரிகின்றன. அந்தக் கையைப் பிரித்து, ஓர் அணுவை எடுத்து, ஆறு மூலைகளில் சரியான மூலையைப் பார்த்து வைக்க வேண்டும். இதைத்தான் நம் கல்லீரல் நொதி, கொதிக்க வைக்காமல், வெறும் உடம்புச் சூட்டில் செய்து முடிக்கிறது. அதன் பெயர் ‘பினைல் அலனின் ஹைட்ராக்சிலேஸ்’. சொல்லிப் பார்ப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நாம் ‘நம் நொதி’ என்றே சொல்லிக்கொள்வோம்.

குழிக்குள் மூன்று விருந்தாளிகள்

நம் நொதியும் ஒரு புரதம்தான். 452 அமினோ அமில மணிகளைக் கோத்த ஒரு மாலை. ஆனால் மாலை நீளமாகத் தொங்குவதில்லை. மடங்கி, சுருண்டு, பந்து போல ஆகிவிடும். எத்தனை மாலை செய்தாலும் ஒவ்வொன்றும் அதே மாதிரி மடங்கும் என்பதுதான் அதிசயம். இப்படி நான்கு பந்துகள் சேர்ந்ததுதான் முழு நொதி. ஒவ்வொரு பந்திலும் ஒரு குழி இருக்கிறது. குழியின் அடியில் ஓர் இரும்பு அணு. ஆணியில், வாளியில் இருக்கிறதே, அதே இரும்புதான்! அது நழுவிவிடாமல் 285, 290, 330 என்ற எண்ணுள்ள மூன்று மணிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

1894ம் ஆண்டு எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியல் மேதை, நொதியைப் பூட்டுக்கும், அது பிடிக்கும் பொருளைச் சாவிக்கும் ஒப்பிட்டார். ஒரு திண்டுக்கல் பூட்டுக்கு அதன் சாவி மட்டும்தானே சேரும்? அதுபோல ஒரு நொதியின் குழிக்குள் அதற்குரிய பொருள்தான் பொருந்தும் என்றார். அந்தப் பொருளைப் பெரிய வகுப்புப் புத்தகங்களில் ‘தளப்பொருள்’ என்று எழுதுவார்கள். நல்ல உவமைதான். ஆனால் பூட்டு அசையாது, நொதி அசையும். 1958ம் ஆண்டு டேனியல் கோஷ்லண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதைத் திருத்தினார். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? பந்து உள்ளங்கையில் பட்டதும் விரல்கள் தாமாக மடங்கிப் பந்தைச் சுற்றிக்கொள்கின்றன அல்லவா? நொதியும் அப்படி, பொருள் வந்து உட்கார்ந்ததும் தன் வடிவத்தைச் சற்று மாற்றி இறுக்கிக்கொள்கிறது என்றார். நம் நொதி அதற்கு ஒரு நல்ல உதாரணம்.

நம் நொதியின் குழிக்கு வரும் விருந்தாளிகள் மூவர். பினைல் அலனின் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. மூன்றாவது ஆள் ‘டெட்ராஹைட்ரோபயாப்டெரின்’. பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நம் உடம்பே தயாரிக்கும் ஓர் உதவியாள்தான் அது. உதவியாள் என்றே அழைப்போம்.

முதலில் உதவியாளும் பினைல் அலனினும் உள்ளே வந்து உட்கார வேண்டும். பினைல் அலனினின் வாலை 270ம் எண் மணி பிடித்துக்கொள்கிறது. வால் ஒரு பக்கம் பிடிபட்டதால், வளையம் மறு பக்கம் இரும்பின் அருகே போய் நிற்கிறது. நீங்கள் நோட்டில் ஆக்சிஜன் வரைந்தீர்களே, அந்த எதிர் மூலை இப்போது இரும்புக்குப் பக்கத்தில்! சரியான மூலையை நொதி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதன் ரகசியம் இதுதான். அது தேடவே இல்லை. உட்கார வைத்த விதத்திலேயே மூலை தீர்மானமாகிவிட்டது.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. பந்தின் வெளிப்பக்கம் இருந்த 138ம் எண் மணி, சுமார் 2 நானோமீட்டர் தூரம் நகர்ந்து குழிக்குள் வந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நமக்கு அது ஒன்றுமே இல்லை. நொதிக்கோ, திண்ணையில் இருந்தவர் எழுந்து அடுக்களைக்குள் வந்து நிற்பது போல. நொதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்தவர்கள், 2002ம் ஆண்டு இதைக் கண்டு சொன்னார்கள். அந்த 138ம் மணி எந்த அமினோ அமிலம் தெரியுமா? டைரோசின்! டைரோசின் செய்யும் பட்டறைக்குள்ளேயே ஒரு டைரோசின் வேலைக்காரர்.

இருவரும் உட்கார்ந்து, குழி இறுகியதும், அதுவரை இரும்பை ஒட்டிக்கொண்டிருந்த தண்ணீர் மூலக்கூறு இடத்தைக் காலி செய்கிறது. அந்த இடத்துக்கு ஆக்சிஜன் வருகிறது. உதவியாளும் இரும்பும் தங்களிடமுள்ள எலக்ட்ரான்களைக் கொடுத்து, ஆக்சிஜன் ஜோடியின் கையைப் பிரித்துவிடுகின்றன. பிரிந்ததில் ஓர் அணு உதவியாளிடம் போகிறது. பிறகு அது தண்ணீராகிவிடும். இன்னோர் அணு இரும்பின் மேல் உட்காருகிறது. இந்த நேரத்தில் அந்த ஆக்சிஜனைப் போல முரட்டுப் பொருள் வேறில்லை. பக்கத்தில் எது இருந்தாலும் பாய்ந்துவிடும். பக்கத்தில் என்ன இருக்கிறது? வளையத்தின் எதிர் மூலை! பாய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. டைரோசின் தயார்.

டைரோசின் வெளியேறுகிறது. களைத்துப்போன உதவியாளும் வெளியேறி, வேறொரு நொதியிடம் போய்ப் புத்துயிர் பெற்று வருகிறது. நம் நொதியோ தேயவும் இல்லை, கரையவும் இல்லை. அடுத்த பினைல் அலனினுக்குத் தயாராக நிற்கிறது. இப்படித் தான் தீர்ந்துபோகாமல் ஒரு மாற்றத்தை விரைவாக நடத்தி வைக்கும் பொருளுக்குத்தான் ‘வினையூக்கி’ என்று பெயர்.

ஆக்சிஜனை ஏன் கடைசியில் விட வேண்டும்? யோசித்துப் பாருங்கள். வளையம் வந்து உட்காருவதற்கு முன்பே அந்த முரட்டு அணு தயாராகிவிட்டால், அதன் வேகம் வீணாகும், நொதியையே கூடக் கெடுத்துவிடலாம். பாத்திரத்தை வைத்துவிட்டுத்தானே அடுப்பைப் பற்ற வைக்கிறோம்! இந்த நொதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த ஒழுங்குதான்.

இன்னொன்று. ரத்தத்தில் பினைல் அலனின் குறைவாக இருக்கும்போது நம் நொதி அரைத் தூக்கத்தில் இருக்கும். உடம்பைக் கட்டவும் பினைல் அலனின் வேண்டும் அல்லவா, எல்லாவற்றையும் மாற்றித் தீர்த்துவிடக் கூடாதே! பருப்பும் முட்டையும் சாப்பிட்டு அது ரத்தத்தில் ஏறும்போது, அதில் கொஞ்சம் குழிக்கு வெளியே வேறோர் இடத்தில் ஒட்டி, ‘எழுந்திரு, வேலை வந்துவிட்டது’ என்று நொதியை எழுப்பிவிடுகிறது.

ஒரு மணி மாறினால்...

452 மணிகளை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்ற குறிப்பு நம் மரபணுவில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. சிலருடைய பிரதியில் எழுத்துப்பிழை இருக்கும். இந்த நொதியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதமான பிழைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் பிழையில், 408ம் எண் மணியாக ‘ஆர்ஜினின்’ வருவதற்குப் பதில் ‘டிரிப்டோபேன்’ வந்துவிடுகிறது. 408ம் மணி குழியில் கூட இல்லை. ஆனாலும் அது மாறினால் மாலை சரியாக மடங்குவதில்லை. மடங்காத மாலையைச் செல் குப்பையென்று தள்ளிவிடுகிறது. 452ல் ஒன்று தவறியதற்கு முழு நொதியும் போயிற்று!

இரண்டு பிரதிகளில் ஒன்று சரியாக இருந்தால் போதும், எந்தத் தொந்தரவும் தெரியாது. அம்மா, அப்பா இருவரிடமும் ஒவ்வொரு பிழைப் பிரதி இருந்து, இரண்டும் ஒரே குழந்தைக்கு வந்துவிட்டால்தான் நோய். அப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் யார் மேலும் குற்றம் இல்லை. நோயின் பெயர் ‘பினைல்கீட்டோனூரியா’. ஐரோப்பாவில் ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது.

நோய் வந்தால் பினைல் அலனின் ரத்தத்தில் வழக்கத்தைவிட 20 மடங்குக்கும் மேல் ஏறிவிடும். டவுன் பஸ் படிக்கட்டில் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தொற்றிக்கொண்டால், மற்றவர் ஏற முடியுமா? மூளைக்குள் அமினோ அமிலங்கள் நுழையும் வாசலிலும் அதே நெரிசல். டைரோசின் போன்ற மற்றவை உள்ளே போக முடியாமல், வளர்கிற மூளை வாடிப்போகிறது. வயிற்றில் இருக்கும் வரை குழந்தைக்கும் சேர்த்து அம்மாவின் கல்லீரல் வேலை செய்துவிடும். அதனால்தான் லிவ்வும் டாக்கும் பிறந்தபோது நன்றாக இருந்தார்கள்.

ஷீலாவின் பால்

1950களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் ஷீலா என்ற சுமார் 2 வயதுக் குழந்தைக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டார்கள். அவளால் உட்காரவும் நிற்கவும் முடியவில்லை. தலையை மோதிக்கொண்டு அழுவாள். ‘நோயின் பெயரைச் சொன்னால் போதுமா, குழந்தையைக் குணமாக்க வழி சொல்லுங்கள்’ என்று அவளுடைய அம்மா மருத்துவமனையில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, இங்கேயும் ஓர் அம்மா!

ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் யோசித்தார்கள். நொதியைச் சரிசெய்ய முடியாது. ஆனால் அதற்கு வரும் வேலையைக் குறைக்கலாமே! பால் புரதத்தைத் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைத்து, கரித்தூள் வழியாக வடிகட்டினார்கள். பினைல் அலனின் கரியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கூடவே டைரோசின் போன்ற சிலவும் போய்விட்டதால், அவற்றை மட்டும் திரும்பச் சேர்த்தார்கள். உடம்பு வளரக் கொஞ்சம் பினைல் அலனின் வேண்டுமே, அதற்காக அளந்து சிறிது பாலும் கொடுத்தார்கள்.

சில மாதங்களில் ஷீலா தவழ ஆரம்பித்தாள். பிடித்துக்கொண்டு நிற்கவும் ஏறவும் கற்றாள். வாடை போயிற்று. தலைமுடி முன்னைவிடக் கருத்தது. ஏன் கருத்தது என்று இப்போது உங்களுக்கே தெரியுமே!

இது உணவால் வந்த மாற்றம்தானா என்று உறுதி செய்ய, அம்மாவிடம் சொல்லாமல் ஷீலாவின் உணவில் மறுபடி பினைல் அலனினைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் அவள் பழைய நிலைமைக்கே போய்விட்டாள். பிறகு சரியான உணவைத் தொடர்ந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது உண்மைதான். ஆனாலும் தாயிடம் மறைத்துச் செய்தது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்ய எந்த மருத்துவமனையிலும் அனுமதி கிடைக்காது. இந்த முடிவுகள் 1953ம் ஆண்டு வெளியாயின.

குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

உணவு வழி கிடைத்துவிட்டது. ஆனால் ஷீலாவுக்கு அது தாமதமாகத்தான் தொடங்கியது. முன்பே ஏற்பட்ட பாதிப்பு முழுவதும் நீங்கவில்லை. பிறந்த சில நாட்களிலேயே நோயைக் கண்டுபிடித்தால்தான் முழுப் பலன். கைக்குழந்தையைப் பார்த்தால் நோய் இருப்பது தெரியாதே, என்ன செய்வது?

அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவர் வழி சொன்னார். அவருடைய மகனுக்கே அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உண்டு, ஆனால் அதற்குக் காரணம் வேறு. மனைவியின் சகோதரி மகளுக்குத்தான் இந்த நோய். கத்ரி செய்தது மிக எளிமையான சோதனை. குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் ஒற்றி உலர விடுவார். ஒரு தட்டில் பாக்டீரியாவையும், அது வளராமல் தடுக்கும் மருந்தையும் கலந்து வைப்பார். பினைல் அலனின் நிறைய இருந்தால் அந்தத் தடை உடைந்துவிடும். அட்டையிலிருந்து வெட்டிய ரத்தப் பொட்டைத் தட்டில் வைத்தால், நோயுள்ள குழந்தையின் பொட்டைச் சுற்றி மட்டும் பாக்டீரியா வட்டமாக வளர்ந்து நிற்கும்!

1963ம் ஆண்டு இந்த முறை வெளியானது. அதே ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இதைக் கட்டாயமாக்கியது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. இன்று பாக்டீரியாவுக்குப் பதில் கருவிகள் வந்துவிட்டன. அதே ஒரு சொட்டில் பல நோய்களைச் சேர்த்துப் பார்த்துவிடுகிறார்கள். நம் நாட்டில் எல்லா இடங்களிலும் இது கட்டாயம் இல்லை, சில மருத்துவமனைகளில் செய்கிறார்கள். கட்டாயமானால் நல்லது.

பிறந்தவுடன் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைப் போலப் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், பெரியவர்களாகி வேலைக்கும் போகிறார்கள். ஆனால் பருப்பு, பால், தயிர், முட்டை, மீன், கறி எதையும் இஷ்டம் போலத் தொட முடியாது. சோற்றைக் கூட அளந்துதான் சாப்பிட வேண்டும். பினைல் அலனின் நீக்கிய புரதப் பொடியைத் தினமும் கரைத்துக் குடிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும்! உங்கள் வகுப்பில் யாராவது, ‘எனக்கு இது வேண்டாம், டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்று சொன்னால், ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தாதீர்கள்.

2007ம் ஆண்டு, நாம் பார்த்த அந்த உதவியாளையே மாத்திரையாக்கி அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நொதி அடியோடு கெட்டுப்போகாமல், தளர்ந்து மட்டும் இருப்பவர்களுக்கு அது கைகொடுக்கிறது. 2018ல் பெரியவர்களுக்கு ஓர் ஊசி மருந்து வந்தது. அதில் இருப்பது ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த வேறொரு நொதி. அது ஆக்சிஜன் வைப்பதில்லை, பினைல் அலனினை வேறு விதமாக உடைத்துப் போடுகிறது.

செயற்கை இனிப்புகளில் ‘அஸ்பார்டேம்’ என்று ஒன்று உண்டு. சர்க்கரை சேர்க்காத சில சூயிங்கங்களிலும் பானங்களிலும் அதைப் போடுகிறார்கள். வயிற்றில் செரிக்கும்போது அதிலிருந்து பினைல் அலனின் வெளிப்படும். அதனால்தான் அந்தப் பாக்கெட்டுகளின் பின்பக்கம், பொடி எழுத்தில், ‘பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருப்பார்கள். கடைக்குப் போகும்போது திருப்பிப் படித்துப் பாருங்கள்.